நீலத் தறப்பாளும் ஒரு சாக்குத் தேங்காயும்

மொன்றியாலின்ர பார்க் எக்ஸ்டென்சன் பகுதியில ஞானாம்பிகையைக் கண்ணால காணாத சனம் இருக்கலாம், அவவின்ர சத்தம் கேளாத சனம் இல்லை. கேர்ப் றோட்டில மூண்டாம் மாடி பல்கனியில நிண்டுகொண்டு, கீழ மரக்கறிப் பையோட போறவளைக் கூப்பிட்டு, "என்னடி, கத்தரிக்காய் உன்ர மாமியார் மாதிரி வதங்கிப்போய்க் கிடக்கு, உதையும் காசு குடுத்தே வாங்கினனீ?" எண்டு கேக்கிற வாய் அது. பள்ளிக்கூடப் பக்கம் பெரிசாப் போகேல்ல. முப்பது வருசத்துக்கு மேல மொன்றியாலில இருந்தும் பிரெஞ்சில தெரிஞ்சது போன்ஜூர், மேர்சி, அதோட ஷபனெல் தையல் பக்டறியில இத்தாலிக்காறி ஒருத்தியிட்டப் பழகின ஒரு தூஷணம். அது மூண்டும் சீவியத்துக்குக் காணும் எண்டுவா. காணவும் கண்டது.

மனுசன் தியாகலிங்கம் செத்தபோது சொந்தக்காறர் வெள்ளைச் சீலை ஒண்டைக் கொண்டுவந்து நீட்டினவை. "பனியும் வெள்ளை, நானும் வெள்ளையெண்டால் கார்க்காறன் என்னைக் காணாமல் ஏத்திப்போட்டுப் போவான். கொண்டு போங்கோ" எண்டு திருப்பிக் குடுத்திட்டா. அப்பிடிப்பட்ட மனுசி. ஆனால் கோயில் காரியம் எண்டால் மட்டும் வாய் பொத்திக்கொள்ளும். தேங்காய் உடைக்கிறது ஆம்பிளையளின்ர வேலை, அதிலும் தாலி கழட்டினவள் தொட்டால் நேத்திக்கடன் கழியாது, தோசம்தான் மிஞ்சும் எண்டு சின்னனில கேட்டது மண்டைக்குள்ள அப்பிடியே இறுகிப்போய்க் கிடந்தது.

அந்த நேத்திதான் கதை.

தியாகலிங்கம் ஜோன் தலோன் றோட்டில ஒரு கிரேக்கன்ர சாப்பாட்டுக் கடையில கோப்பை கழுவினவர். ஞானாம்பிகை பத்துச் சொல்லுச் சொன்னால் அவர் ஒண்டு சொல்லுவார். ஆனால் சொன்ன ஒண்டை மாத்தமாட்டார். அகதிக் கேஸ் விசாரணைக்குப் போன அண்டைக்கு வெளிய குந்தியிருக்கிற வாங்கில இருந்துகொண்டு, பக்கத்தில மனுசிக்கும் கேக்க, "முருகா, இவங்கள் எங்களை ஏத்துக்கொண்டால், உன்ர தேர் வாற தெருவில ஒரு சாக்குத் தேங்காய் சிதற அடிக்கிறன்" எண்டு நேந்தவர். ஏத்துக்கொண்டுவிட்டாங்கள். முருகன் தன்ர வேலையை முடிச்சிட்டார். மிச்சம் இவரின்ர வேலை.

மொன்றியாலில தேர் ஓடுறதுக்குக் குறைச்சல் இல்லை. கோடை காலத்தில கோயிலைச் சுத்தி நல்ல வடிவா ஓடும். ஆனால் தேங்காயை றோட்டில அடிக்க விடாயினம். சிரட்டை கார் ரயருக்குள்ள ஏறும், அயலட்டை முறைப்பாடு வைக்கும் எண்டு ஒரு பெரிய மரப்பெட்டி செய்து வைச்சிருந்தவை. அதுக்குள்ள, ஒரு குடும்பத்துக்கு ஒரு தேங்காய். தியாகலிங்கம் போய் மழைக்கு மூடுற நீலத் தறப்பாள் ஒண்டு வாங்கிக்கொண்டு வந்தார். "இதை விரிச்சு, அதில அடிச்சுப்போட்டு, ஒரு சிரட்டை மிச்சமில்லாமல் நானே சுருட்டிக்கொண்டு போறன்" எண்டு கெஞ்சிப் பாத்தார். கோயில் ஆக்கள் தலையை ஆட்டினவை, மேலும் கீழுமா இல்லை, இடமும் வலமுமா.

"அப்ப பெட்டிக்குள்ள ஒண்டை அடிச்சு முடியுங்கோவன்" எண்டா ஞானாம்பிகை.

"ஒரு சாக்கெண்டு சொன்னனான். சிதற எண்டு சொன்னனான். பெட்டிக்குள்ள என்னெண்டு சிதறும்?" அவ்வளவுதான். அந்த மனுசன் அண்டைக்குக் கதைச்சது அவ்வளவுதான்.

பேந்தொரு தைப்பூசத்துக்கு ஆருக்கும் சொல்லாமல் விடியப்புறம் தேங்காய்ச் சாக்கோட பின் ஒழுங்கைக்குள்ள இறங்கினவர். தேர் வராட்டியும் முருகன் வருவார்தானே எண்ட நினைப்பு. ஒழுங்கை முழுக்க ஐஸ், கண்ணாடி மாதிரி. முதல் தேங்காயை ஓங்கி அடிச்சார். அது உடையேல்ல. வழுக்கிக்கொண்டு, சுழண்டுகொண்டு, ஒழுங்கை முடியுமட்டும் போய் ஒரு கார்க் கதவில முட்டிக்கொண்டு நிண்டது. ரெண்டாவதும் அப்பிடியே. மூண்டாவதுக்குக் கை ஓங்கேக்க கீழ்வீட்டுக் கிரேக்கக் கிழவி பொலிசைக் கூப்பிட்டிட்டாள். பொலிஸ்காறன் வந்து தேங்காயையும் இவரையும் மாறி மாறிப் பாத்துப்போட்டு, இது என்ன ஐயா எண்டு பிரெஞ்சில கேட்டான். இவர் வானத்தைக் காட்டினார். அவனும் வானத்தைப் பாத்தான். பேந்து சாக்கைத் தூக்கிக் கையில குடுத்து, வீட்ட போகச் சொல்லி அனுப்பிவிட்டான்.

"இஞ்சேருங்கோ, முருகனுக்கு அடிச்சனீங்களோ, இல்லாட்டி ஹொக்கி விளையாடினனீங்களோ?" எண்டு ஞானாம்பிகை சிரிச்ச சிரிப்பு பக்கத்து வில்லரே வரைக்கும் கேட்டிருக்கும். தியாகலிங்கம் சிரிக்கேல்ல. தறப்பாளை மடிச்சு அலுமாரிக்கு மேல வைச்சார். ஒவ்வொரு வருசமும் தேருக்கு அதை எடுத்துத் தூசி தட்டிக் கொண்டுபோவார், விரிக்காமல் திருப்பிக் கொண்டுவருவார். அப்பிடியே ஒரு நாள் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு போய்ச் சேந்திட்டார்.

செத்தவீட்டில நடந்ததைத்தான் ஞானாம்பிகை மறக்கேல்ல. மனுசன்ர தம்பி நகுலேஸ்வரன், கோயிலில நிர்வாகம் அது இது எண்டு சால்வையோட திரியிற ஆள், சனத்துக்கு நடுவில கோப்பியைக் குடிச்சுக்கொண்டு, "அண்ணை நல்ல மனுசன். ஆனால் முருகனுக்கு நேத்தி வைச்சிட்டு ஏமாத்திப்போட்டுப் போட்டார்" எண்டான். நாலு பேர் உச்சுக் கொட்டினவை.

ஏமாத்திப்போட்டாராம். ஒரு ஆளிட்ட ஒரு சொல்லு மிச்சம் வைக்காத மனுசன். இவவின்ர நெஞ்சில கறள் பிடிச்ச ஆணி இறங்கின மாதிரி இருந்தது. "அண்ணையின்ர நேத்தியை ஆம்பிளைச் சகோதரம் நான் கழிக்கிறன், மச்சாள். நீங்கள் தொடக்கூடாது" எண்டும் அவன்தான் சொன்னவன். அந்த வருசம் இடுப்பு நோ எண்டான். அடுத்த வருசம் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீடு. அதுக்கடுத்த வருசம், "பேந்து பாப்பம் மச்சாள்." தானும் செய்யான், இவவையும் தொட விடான், ஆனால் அண்ணை ஏமாத்தின கதையை மட்டும் போற வாற இடமெல்லாம் சொல்லுவான்.

இப்ப போன தைக்கு, மகள் சாம்பவியைக் கம்பனிக்காறர் வேலை விசயமா மலேசியாவில பினாங்குக்கு அனுப்பினவை. அதுக்கு முந்தின குளிர்காலம் தாய்க்காறி ஐஸில விழுந்து மணிக்கட்டை முறிச்சதால, தனிய விட்டிட்டுப் போகப் பயத்தில பிள்ளை அவவையும் கூட்டிக்கொண்டு போச்சுது.

"அம்மா, அங்க லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்திலதான் இருக்கப் போறம். பழைய இடம். தைப்பூசம் பெரிசாச் செய்வினமாம்."

"தேர் தெருவில ஓடுமோ?"

"ஓம், தெருவிலதான்."

ஞானாம்பிகை கதிரையில ஏறி அலுமாரிக்கு மேல இருந்த தறப்பாளை எடுத்துச் சூட்கேசின்ர அடியில வைச்சா. குளிருக்கு வைச்ச ரெண்டு சுவெட்டரை வெளிய எடுத்தாத்தான் அது மடங்கினது.

பினாங்கில இறங்கின அடுத்த நாள் மகள் வேலைக்குப் போக, மனுசி தனிய அந்தத் தெருவுக்குள்ள நடந்து போனா. போனா எண்டிறன், பேந்து நிண்டிட்டா. மொன்றியாலில மல்லிகைப்பூ எண்டால் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பைக்குள்ள பழுப்பு நிறத்தில வரும், அதை மணந்து பாத்துத்தான் மல்லிகையெண்டு நம்பவேணும். இஞ்ச மல்லிகை தட்டுத் தட்டாக் குவிஞ்சு கிடக்கு, ஒருத்தி அள்ளி அள்ளிக் கட்டுறாள். இடியப்பம் அவியிற மணம், சாம்பிராணிப் புகை, கசெற்றுக் கடை மாதிரி ஒண்டிலயிருந்து காது கிழியிற சத்தத்தில பாட்டு. மஞ்சள் பூசின பழைய கடையளின்ர நெத்தியில தமிழெழுத்து. இவவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். கூட்டிக் கூட்டி வாசிச்சுக்கொண்டு போனா. ஒண்டுக்குப் பிறகு ஒண்டு, முடியேல்ல. தெரு மூலையில திரும்பினால், வீடுகளுக்கு நடுவில மாரியம்மன் கோபுரம், அவ்வளவு சாமியும் நிறம் நிறமா நிண்டு இவவைக் குனிஞ்சு பாக்கினம்.

கோபுரத்துக்குக் கீழ பூக்கட்டுற பொம்பிளையிட்ட, "பிள்ளை, இது எப்ப கட்டினது?" எண்டு கேட்டா.

அவளின்ர பேர் தங்கமலர். ஐம்பது வயசுக்காறி, வெத்திலை வாய். "இருநூறு வருசம் ஆவப் போவுதும்மா. எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் கப்பல்ல வந்தவங்க. இங்கயே பொறந்து இங்கயே செத்தாங்க. நீங்க சிலோனா?"

"கனடா."

"கனடாவா! முகத்தப் பாத்தா சிலோன் மாதிரியில்ல இருக்கு."

இருநூறு வருசம். ஞானாம்பிகைக்குக் குந்தியிருக்க ஒரு வாங்கு தேவைப்பட்டது. தாங்கள்தான் முதன்முதல் ஊரைவிட்டு வந்து கஸ்ரப்பட்ட சனம், தாங்கள்தான் அந்நியன்ர மண்ணில சாமியை வைச்ச சனம் எண்டு பல்கனியில நிண்டு எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பா. அதுக்குள்ள ஒரு சின்னப் பெட்டை மோட்டசைக்கிளில தேப்பன்ர முதுகைப் பிடிச்சுக்கொண்டு, "அப்பா, எனக்குத் தோசை வேணும்!" எண்டு கத்திக்கொண்டு போச்சுது. தமிழில. இருநூறு வருசத்துக்குப் பிறகும் பசி தமிழிலதான் வருது. வேற ஊரில இருக்கிற மூத்தமகன்ர பெட்டை, ஞானாம்பிகையின்ர சொந்தப் பேத்தி, பசிச்சால் பிரெஞ்சில அழும். மனுசி வாய் திறக்காமல் பாத்துக்கொண்டு நிண்டா. அவ வாய் திறக்காமல் நிண்டதை மொன்றியாலில சொன்னால் ஒருத்தரும் நம்பாயினம்.

தங்கமலரோட ரெண்டு நாளில நல்லா ஒட்டிக்கொண்டா. தேங்காய்ச் சாக்கும் அவள்தான் எடுத்துத் தந்தவள். ஞானாம்பிகை ஒவ்வொண்டாக் காதுக்குக் கிட்ட வைச்சு ஆட்டி, தண்ணி கேளாததைத் தள்ளிப்போட்டு, நல்லதுகளைத் தும்பு வழிச்சுக் கழுவி மஞ்சள் பூசினா. அடிக்கிறதுக்கு ஆம்பிளை வேணுமெண்டு கேக்க, தங்கமலர், "எங்க கொழுந்தனார அனுப்புறேன், கவலப்படாதீங்க" எண்டாள்.

தைப்பூசத்துக்கு முதல் நாள், விடியமுன்னம் போனால், அம்மாடி. தெரு முழுக்கத் தேங்காய். மதில் மாதிரி அடுக்கி வைச்சிருக்கினம், ஒரு குவியல், ரெண்டு குவியல் இல்லை, கண்ணுக்கு எட்டின மட்டும். தமிழர் மட்டுமோ? சீனச் சனம் ஊதுபத்தியைக் கொத்தாக் கொளுத்திக்கொண்டு தங்கட தங்கட தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில குடும்பம் குடும்பமா நிக்குதுகள். பொலிசே கார்களை மறிச்சுத் தெருவைத் திறந்து விட்டிருக்கு. தேங்காய் அடிக்க! ஒரு தேங்காய்க்குப் பொலிசைக் கூப்பிட்ட ஊரிலயிருந்து வந்த மனுசிக்கு, தலை சுத்தாமல் என்ன செய்யும்?

ஆனால் பழக்கம் விடுமோ? ஞானாம்பிகை நீலத் தறப்பாளை எடுத்து உதறி, நாலா மடிச்சு, றோட்டில விரிச்சா. நாலு மூலைக்கும் நாலு தேங்காய் வைச்சா, காத்துக்குப் பறக்காமல்.

தங்கமலர் பூக்கூடையை வைச்சுப்போட்டு விழுந்து விழுந்து சிரிச்சாள். "ஏம்மா, ரோட்டுக்கு எதுக்குப் பாய் விரிக்கிறீங்க? தூங்கப் போவுதா?"

"குப்பை ஆர் அள்ளுறது?"

"அதுக்கு ஆளு இருக்கும்மா!"

"இருக்கட்டும். நாங்கள் எங்கட குப்பையை நாங்கள்தான் அள்ளுறது" எண்டு இவ சொல்ல, தூரத்தில மேளச் சத்தம். வெள்ளித் தேர் வெளிக்கிட்டிட்டுது. அங்கால தேங்காய் வெடிக்கிற சத்தம், ஆலங்கட்டி மழை தகரக் கூரையில விழுற மாதிரி, கிட்டக் கிட்ட வருது. கொழுந்தன்காறனைக் காணேல்ல. தங்கமலர் போன் அடிச்சாள். அவன் தேருக்குப் பின்னால சனத்துக்குள்ள மாட்டுப்பட்டுப் போனானாம், அசையேலாதாம். பக்கத்தில நிண்ட ஆம்பிளையள் எல்லாம் தங்கட தங்கட நேத்தியில நிக்கினம்.

சாம்பவி கைத்தொலைபேசியில வீடியோவில நகுலேஸ்வரனைக் கூப்பிட்டுப் பிடிச்சிருந்தாள். மொன்றியாலில பின்னேரம், அவன் சோபாவில சாஞ்சுகொண்டிருக்கிறான். சித்தப்பாவே பாக்கட்டும், நேத்தி கழிஞ்சதுக்கு அவர்தான் சாட்சி எண்டு பிள்ளை நினைச்சது. விசயம் கேட்டவுடன அவன், "மச்சாள், தொடாதேங்கோ! அடுத்த முறை நான் வந்து அடிக்கிறன். பொம்பிளை அடிச்சால், அதுவும் நீங்கள்... செல்லாது. அண்ணையின்ர நேத்தி அப்பிடியே நிக்கும்" எண்டு கத்துறான்.

ஞானாம்பிகை ஒரு தேங்காயைத் தூக்கிப்போட்டுத் திருப்பி வைச்சா. அடிச்சுச் செல்லாமல் போனால்? மனுசனுக்கு நல்லது செய்யிறன் எண்டு அவரின்ர பேரை இன்னும் கெடுத்துப்போட்டால்? அடியாமல் விட்டால், தேர் போயிடும், தேங்காய் கிடக்கும், அவன் செத்தவீட்டில சொன்ன சொல்லும் கிடக்கும்.

பக்கத்துக் குவியலடியில ஒரு சீனக் கிழவி, இவவின்ர வயசுதான் இருக்கும், பூப்போட்ட காற்சட்டை. தன்ர தேங்காயைத் தானே தூக்கி, ரெண்டு கையாலயும் தலைக்கு மேல கொண்டுபோய், குனிஞ்சு ஓங்கி அடிச்சாள். வெண்டைக்காய் முறிச்ச மாதிரிப் பட்டெண்டு சிதறினது. அடிச்சுப்போட்டுக் கும்பிட்டாள்.

"உந்த மனுசிக்குப் புருசன் இல்லையோ, தானே அடிக்குது?" எண்டா ஞானாம்பிகை.

தங்கமலர் அவளோட சீனத்தில ரெண்டு சொல்லுக் கதைச்சாள். "செத்துப் பல வருசமாச்சாம்மா. அவரு நேர்ந்துக்கிட்டதாம், இவங்கதான் வருசா வருசம் உடைக்கிறாங்க. இங்க எல்லாரும் உடைப்பாங்கம்மா. முருகன் கையப் பாக்க மாட்டாரு, தேங்காயத்தான் பாப்பாரு."

தேர் மூலையால திரும்பினது. வெள்ளி முழுக்க விளக்கு வெளிச்சம் ஓடுது, முன்னால மாடு, சுத்திவரத் தலைகள், நடுவில முருகன். ஞானாம்பிகைக்கு மயிர் கூச்செறிஞ்சது. கேர்ப் றோட்டு அடுப்படியில எத்தினை ஆயிரம் தேங்காய் இந்தக் கையால உடைச்சிருப்பன் எண்டு நினைச்சா. கறிக்கு உடைக்கலாமாம், கடவுளுக்கு உடைக்கக் கூடாதாம். கறி திண்ட மனுசன்தானே நேந்தவர்?

"டேய் நகுலேஸ், வாயை மூடிக்கொண்டு பார்" எண்டுபோட்டு ஒரு தேங்காயைத் தூக்கி ஓங்கி அடிச்சா.

உடையேல்ல. நாலா மடிச்ச தறப்பாளில மெத்தையில விழுந்த மாதிரித் தொப்பெண்டு விழுந்து, உருண்டு போச்சுது. போனுக்குள்ள நகுலேஸ்வரன், "பாத்தியளோ! நான் சொன்னனான்!" எண்டு துள்ளுறான். ஞானாம்பிகைக்கு ஒழுங்கையில வழுக்கிக்கொண்டு போன தேங்காய் கண்ணுக்கு முன்னால வந்தது.

காரைத் தடுத்துக்கொண்டு நிண்ட மலாய்ப் பொலிஸ் பெட்டை, தலையில முக்காடு, இவ்வளவு நேரமும் பாத்துக்கொண்டு நிண்டவள். கிட்ட வந்து, "ஆன்ரி, ஆன்ரி" எண்டு சிரிச்சுக்கொண்டு, குனிஞ்சு தறப்பாளின்ர ஒரு மூலையைப் பிடிச்சு இழுத்து ஒரு பக்கமாச் சுருட்டி வைச்சாள். பேந்து வெறும் தார் றோட்டைக் கையால தட்டிக் காட்டினாள். இஞ்ச அடி.

பொலிஸ், இஞ்ச அடி எண்டுது.

உருண்டுபோன அதே தேங்காயைச் சீனக் கிழவி பொறுக்கிக்கொண்டு வந்து கையில தந்தாள். ஞானாம்பிகை சீலையை இடுப்பில இழுத்துச் செருகி, ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கி, "இந்தா முருகா, தியாகலிங்கத்தின்ர!" எண்டு கத்தி அடிச்சா. மூண்டாம் மாடியிலயிருந்து கத்துற தொண்டை. தேங்காய் வெடிச்சுப் பறந்தது. தண்ணி முகத்தில அடிச்சது. அடுத்தது. அதுக்கடுத்தது. முறிஞ்சு பொருந்தின மணிக்கட்டு விண் விண்ணெண்டு வலிச்சது, மனுசி நிப்பாட்டேல்ல. "தியாகலிங்கத்தின்ர! தியாகலிங்கத்தின்ர!" தேர் அவவுக்கு நேர வந்து போகைக்குள்ள சாக்கு வெறுஞ்சாக்கு. வெறுங்காலுக்குக் கீழ றோட்டு வெள்ளை வெளேரெண்டு கிடக்குது, பனி கொட்டின மாதிரி. ஆனால் இளஞ்சூடா, இனிப்பா மணக்குது. ஞானாம்பிகை கையெடுத்துக் கும்பிடக்கூட மறந்துபோய் நிண்டா. இப்பிடியும் ஒரு தெரு உலகத்தில இருக்குதோ? இது இருநூறு வருசமா இஞ்ச இருக்க, அந்த மனுசன் ஐஸில நிண்டு அடிச்சுப் பாத்தாரே?

போனுக்குள்ள நகுலேஸ்வரன்ர சத்தத்தைக் காணேல்ல. சாம்பவி பாத்தாள். சோபாவில சாஞ்சிருந்த சித்தப்பா எழும்பி, கும்பிட்டுக்கொண்டு நிக்கிறார்.

பேந்து நகரசபை மெசின் வந்தது. பெரிய மஞ்சள் மெசின், முன்னால தோசைச் சட்டுவம் மாதிரி. சிரட்டையை அப்பிடியே வழிச்சு அள்ளிக் கொண்டுபோச்சுது. ஞானாம்பிகை அது தெரு முனை திரும்புமட்டும் பாத்துக்கொண்டு நிண்டா. "அரசாங்கமே வந்து அள்ளுது, பிள்ளை. அரசாங்கமே!"

தறப்பாளைக் கழுவித் தங்கமலரிட்டக் குடுத்திட்டா. பூக்கடைக்கு மழை பட்டால் கட்ட உதவும். சூட்கேசில காலியான இடத்துக்குள்ள வெயிலில உலர்த்தின ஒரு சிரட்டைத் துண்டு மட்டும் வந்தது. எயர்போட்டில என்னவெண்டு கேட்டவனுக்கு வானத்தைக் காட்டினா.

கோடையில மொன்றியால் தேர். மரப்பெட்டி வழக்கமான இடத்தில இருந்தது. நகுலேஸ்வரன் சால்வையோட ஓடித் திரிஞ்சவன், இவவைக் கண்டதும் வந்து, "மச்சாள், அண்ணையின்ர நீலத் தறப்பாள் எங்க? மழை வாற மாதிரிக் கிடக்கு" எண்டு கேட்டான்.

"அதின்ர வேலை முடிஞ்சுது. விட்டிட்டு வந்திட்டன்."

அவன் தலையைச் சொறிஞ்சுகொண்டு நிண்டான். பெட்டிக்குப் பக்கத்தில, செத்தவீட்டில உச்சுக் கொட்டின ஆக்களில ஒருத்தர் நிண்டவர். "அப்ப அந்தத் தியாகர் ஏமாத்தின நேத்தி என்ன மாதிரி?" எண்டு அவர் கேட்டதுதான், நகுலேஸ்வரன் சுருக்கெண்டு திரும்பினான்.

"ஆர் ஏமாத்தினது? அண்ணையின்ர நேத்தி கழிஞ்சுது. தேர் வாற தெருவில, ஒரு சாக்கு, சிதற. நான் கண்ணால பாத்தனான்."

"ஆர் அடிச்சது?"

அவன் சால்வையை இழுத்துச் சரிப்படுத்தினான். "மச்சாள்" எண்டான், சத்தமா.

ஞானாம்பிகை அர்ச்சனைத் தட்டிலயிருந்து தேங்காயை எடுத்தா. பெட்டிக்குப் பக்கத்தில நிண்ட ஆம்பிளையள் ஒருத்தரை ஒருத்தர் பாத்துப்போட்டு வழி விட்டவை. "தள்ளி நில்லுங்கோ. எனக்கு இப்ப தெருவில ஓங்கி அடிச்சுப் பழக்கம்" எண்டுபோட்டு, சீலையை இடுப்பில செருகினா.